கிண்ணத்தில் போன புத்தகங்கள்

நல்லமங்கலத்துக் கல்லூரி நூலகத்துக்கு நாலு ஜன்னல் வைத்தார்கள். அதில் மூன்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, திறந்தால் வேப்பமரம் தெரியும், மூடினால் தெரியாது. நாலாவதைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும்.

ஜன்னல் வருவதற்கு முன்னால் அந்த நூலகம் இருந்த லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும். கரிசல் காட்டு நடுவில் கட்டின கல்லூரி, அதில் ஆபீசுக்குப் பின்பக்கம் ஒரு நீளமான கூடம், பகலிலும் ட்யூப் லைட் போட்டால்தான் ஆள் முகம் தெரியும், போட்டாலும் அது பத்து நிமிஷம் கண்ணைச் சிமிட்டி யோசனை பண்ணிவிட்டுத்தான் எரியும். சுவரோரமாக இருபத்திரண்டு இரும்பு பீரோ. இருபத்திரண்டும் பூட்டியிருக்கும். சாவிக்கொத்து நூலகர் சங்கரவடிவின் இடுப்பில் இருக்கும். பை வெளியே, செருப்பு வெளியே, தண்ணீர் பாட்டில் வெளியே, பேச்சு வெளியே என்று வாசலில் எழுதிப் போட்டிருந்ததால், பிள்ளைகளும் எதற்கு வம்பு என்று தாங்களும் வெளியேயே இருந்துகொண்டார்கள். வாசல் மேசையில் வருகைப் பதிவேடு கிடக்கும். ஒரு பிள்ளை வரும், வகுப்பில் இருக்கிற பத்துப் பேருக்கும் பத்து விதமாகக் கையெழுத்துப் போடும், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கேன்டீனுக்குப் போய்விடும். சங்கரவடிவு அதைப் பார்ப்பாள், பார்க்காத மாதிரி இருப்பாள். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் இருந்தாள். புத்தகத்தை யாரும் தொடாததால் ஒரு புத்தகமும் தொலையவில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

தை மாசம் தாளாளர் ராஜமாணிக்கம் கூப்பிட்டு அனுப்பினார். எண்ணெய் ஆலைக்காரர், பேசும்போதே ஒரு பிடி எள்ளைக் கசக்கிப் பார்க்கிற மாதிரி விரல்களைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

"பாருங்கம்மா, பங்குனியில ஆய்வுக் குழு வருது. அவங்க உங்க பதிவேட்டை நம்ப மாட்டாங்க, கண்ணால ஆளைப் பாப்பாங்க. கூடம் நிறைய உக்காந்து படிச்சாங்கன்னா இது நூலகம். இல்லேன்னா ஏ.சி. போட்டுக் கருத்தரங்கக் கூடமா மாத்திருவேன். பீரோவெல்லாம் சைக்கிள் ஷெட்டுக்குப் போயிரும்."

"அப்ப நான் சார்?"

"நீங்களும் பீரோ கூடவே போயிரலாம்."

சங்கரவடிவு திரும்பி வந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று எழுதி வாசலில் வைத்தாள். ஒரு வாரத்தில் முப்பத்தொரு சீட்டு விழுந்திருந்தது. பாதிக்கு மேல் வெளிச்சம் வேண்டும் என்றது, மீதியில் அநேகமும் காற்று வேண்டும் என்றது. ஒருத்தன் டீயும் வடையும் கேட்டிருந்தான். கடைசிச் சீட்டில், 'மேடம் கொஞ்சம் சிரிக்கலாம்' என்று இருந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் காட்டவில்லை.

வெளிச்சமும் காற்றும் வேண்டுமானால் ஜன்னல் வைக்க வேண்டும். கொத்தனார் இருளாண்டி வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, நாலு இடத்தில் கரிக்கட்டையால் கோடு போட்டுவிட்டுப் போய், மூன்றாம் நாள் பழைய மரக்கடையிலிருந்து நாலு ஜன்னலை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"பழசாய்யா?" என்றாள் சங்கரவடிவு.

"பழசுதாம்மா. ஆனா தேக்கு. இன்னைக்கு மரத்துல ஆணி அடிச்சா ஆணிக்கு வலிக்காது, இதுல அடிச்சுப் பாருங்க. மூணு நம்ம பக்கத்து மில்லுல கெடந்தது. இந்தா, இது முத்துமுனைப் பட்டணத்துல ஒரு கப்பல்காரர் வீட்டை இடிச்சப்ப வந்தது. கடக்காத்து குடிச்ச மரம்."

"நடுவுல ஒரு கம்பியைக் காணோமே?"

இருளாண்டி அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "காணாமப் போகலம்மா, எடுத்திருக்காக. அறுத்த எடம் எம்புட்டு வழவழன்னு இருக்கு பாருங்க. எதுக்கோ எடுத்திருக்காக. கெடக்கட்டும், புதுசா ஒண்ணு அடிச்சு விட்டுருவோம்."

அடித்துவிடவில்லை. கொத்தனார் சொன்ன வேலையில் கடைசி வேலை என்றைக்கு நடந்திருக்கிறது.

பெயிண்டு காய்ந்த புதன்கிழமை காலையில் சங்கரவடிவு ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு வந்தாள். முதல் ஜன்னலில் வேப்பமரம், இரண்டாவதில் அதே வேப்பமரம், மூன்றாவதில் வேப்பமரத்தோடு ஒரு ஆடு. நாலாவதைத் திறந்தாள். ஈரக்காற்று முகத்தில் வந்து மோதியது. இரண்டு முழத் தூரத்தில் இன்னொரு ஜன்னல் இருந்தது, அதற்குள்ளே அடுப்பு எரிந்தது, அடுப்புக்கு முன்னால் தலையில் முக்காடு போட்ட ஒரு அம்மாள், அறுபது வயது இருக்கும், உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"யாரும்மா அது?" என்றாள் அந்த அம்மாள்.

"நான் இங்க நூலகர்."

"லைப்ரரியா கட்டிட்டாங்க? நல்லதாப் போச்சு. எதிர்வீட்டை இடிச்சு மூணு மாசமா எருக்கஞ்செடிதான் மொளைச்சுக் கெடந்துச்சு. நேத்து அசர் தொழுகைக்குப் பொறவு பாத்தேன், வெறும் மனை. எங்க ஊர் நகராட்சி இம்புட்டு வெரசா வேலை பாத்து நான் பாத்ததே இல்லை."

"இது உங்க ஊர் இல்லம்மா. நல்லமங்கலம்."

"நல்லமங்கலமா? பஸ்ஸுல நாலு மணி நேரம் ஆகுமே."

"ஆமா."

அந்த அம்மாள் துருவலைக் கையிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள். "அவ்வளவு தொலைவுன்னா பசியாறாமத்தான் வந்திருப்பீங்க" என்றாள். ஒரு பீங்கான் கிண்ணத்தில், முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தை வெட்டி வைத்து, கம்பி இல்லாத இடத்தின் வழியாக நீட்டினாள். கிண்ணம் அந்த இடைவெளியில் அளவெடுத்தது மாதிரி வந்தது. கம்பியை எதற்கு எடுத்தார்கள் என்பது சங்கரவடிவுக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த அம்மாள் பெயர் செய்னம்பு.

சங்கரவடிவு கிண்ணத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டே போய் இருளாண்டியைக் கூட்டிவந்து காட்டினாள். இருளாண்டி பார்த்தார், செய்னம்புவுக்கு ஒரு வணக்கம் வைத்தார், வெளியே சுற்றிக்கொண்டு போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினார். உள்ளே இருந்து பார்த்தால் அவரைக் காணவில்லை, அடுப்புதான் தெரிந்தது. திரும்பி வந்தார்.

"ஜன்னல் மேல குத்தமில்லம்மா. எண்பது வருசமா எதைப் பாத்துச்சோ அதைத்தான் பாக்கும். எடத்தை மாத்துனா பழக்கம் மாறிருமா? எங்க மாமனார் எங்ககூட வந்து ஏழு வருசமாச்சு, இன்னமும் காலையில எந்திரிச்சா அவுக வீட்டுக் கெணத்தைத் தேடிப் போயி எங்க வீட்டுச் செவுத்துல முட்டிக்கிறாரு."

கல்லூரிக்கு இந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. இயற்பியல் பேராசிரியர் மட்டும் டேப் கொண்டுவந்து நீளம் அகலம் அளந்தார், ஒரு தாளில் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார், கடைசியில் அந்த வட்டிலப்பத்தில் ஏலக்காய் போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, ஜன்னலில் தெரியும் பெண்மணிகளோடு மாணவர்கள் அநாவசியமாகப் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று. அவசியமாகப் பேசலாமா என்பதை அதில் எழுதவில்லை.

நிற்க, கிண்ணத்துக்கு வருவோம். நூலகத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று எழுதிப் போட்டவளே அவள்தான், அதனால் வராந்தாவில் நின்று சாப்பிட்டாள். கிண்ணத்தைக் கழுவினாள். ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். நீட்டப் போன கை பாதியில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் இல்லை. ஒன்றுமே இல்லாத வீட்டில்கூட ஒரு சிட்டிகை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நூலகத்தில் சீனிக்கு எங்கே போவது. பசை இருந்தது, குண்டூசி இருந்தது. அந்தப் பக்கம் செய்னம்பு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பதற்றத்தில் சங்கரவடிவு மேசைமேல் கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் கிண்ணத்துக்குள் செருகிக் கொடுத்துவிட்டாள்.

அது பூச்சியியல். வாங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது, பின்னட்டையில் ஒட்டின தேதிச் சீட்டில் ஒரு தேதிகூட விழவில்லை. பழக்கதோஷத்தில் சங்கரவடிவு கொடுப்பதற்கு முன்னால் அதில் முத்திரை குத்தியிருந்தாள்.

"பதினாலு நாளுக்குள்ள தந்துரணும்" என்றாள், தன் வாயா அது என்று அவளுக்கே தெரியவில்லை.

செய்னம்பு நாலாம் நாளே கொண்டுவந்தாள். புத்தகத்தோடு ஒரு தட்டு தொதல், தேங்காய்ப்பால் அல்வா.

"இது எதுக்கு லாத்தா?" என்றாள் சங்கரவடிவு. நாலு நாளில் அம்மா போய், அக்காவுக்கு அந்தத் தெருவில் சொல்கிற லாத்தா வந்திருந்தது.

"அடுத்தவங்க பொருளை வெறுங்கையோடயா திருப்புறது? என்னம்மா நீங்க. புத்தகமும் பாத்திரம் மாதிரித்தானே."

அப்படியானால் தட்டு வெறுமையாகப் போக முடியாது. தட்டில் ஒரு புத்தகம் போயிற்று. அது திரும்பும்போது, வறுத்த அரிசிமாவில் செய்த ஓட்டுமாவோடு வந்தது. ஓட்டுமாவுப் பாத்திரத்தில் இரண்டு புத்தகம் போயிற்று. இப்படிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்ததில் அந்தத் தெருப் பெண்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்து, மத்தியானம் ஆக்கி இறக்கினதும் செய்னம்புவின் அடுக்களையில் வந்து கூடினார்கள். ஒருத்திக்குக் கடல் பற்றி வேண்டும், ஒருத்திக்கு ராஜாக்கள் கதை வேண்டும், ஒருத்திக்கு வக்கீல் படிக்கிற புத்தகம் வேண்டும், ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்றாள். எல்லாம் பூட்டின பீரோவுக்குள் இருந்தன. சங்கரவடிவு ஒரு நாளைக்கு நாற்பது தரம் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துச் செருகி, எடுத்துச் செருகி, கடைசியில் இடுப்புத் தோல் உரிந்துபோய், இருபத்திரண்டையும் திறந்து போட்டுவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினாள். மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை நூலகம் மூடியிருக்கும் என்ற பலகையைக் கழற்றினாள், ஏனென்றால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அப்போதுதான் ஒழிந்த நேரம். தன் மேசையை இருட்டு மூலையிலிருந்து இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள். இதில் ஒன்றுகூட இருளாண்டி செய்த வேலை இல்லை.

நெய் வாசம் மூன்றாம் ஆண்டு பொருளாதார வகுப்புவரை போயிற்று. முதலில் வந்தது மாரீஸ்வரி என்ற விலங்கியல் பிள்ளை.

"மேடம், உள்ள வரலாமா?"

"பையோடயே வா" என்றாள் சங்கரவடிவு. அந்தப் பிள்ளை திரும்பித் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தது.

ஜன்னலில் செய்னம்பு பக்கத்து வீட்டுக்காரியிடம் பூச்சியியலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கரப்பான் பூச்சிக்குத் தலையை வெட்டினாலும் ஒரு வாரம் உசுரு இருக்குமாம்டி. மூச்சு தலை வழியா இல்ல, ஒடம்பு ஓட்டை வழியா. எங்க வீட்டு மனுஷரு நாப்பது வருஷமா நடமாடுற ரகசியம் இன்னைக்குத்தான் வெளங்குச்சு."

மாரீஸ்வரி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். பரீட்சையில் அதே கேள்வி வந்தது. மறுநாள் விலங்கியல் வகுப்பு முழுக்க வந்துவிட்டது.

பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்த செய்னம்பு ஒரு சட்டம் போட்டாள். "சும்மா வந்து வாயைத் திறக்கிறதுக்கு இது கல்யாண வீடு இல்ல. என்ன படிச்சே, சொல்லு. சொன்னாத்தான் பண்டம்."

ஒரு தடியன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நிறையப் படிச்சேன் லாத்தா" என்றான்.

"அப்படியா ராசா, நீ நிறையப் படி. நான் நிறையத் தர்றேன், நாளைக்கு."

அவன் உட்கார்ந்து நாலு பக்கம் படித்துவிட்டு வந்து சொன்னான். சொல்லும்போது அவனுக்கே பிடித்துப்போய், பணியாரத்தை வாங்க மறந்துவிட்டு ஐந்தாம் பக்கத்துக்குப் போனான். பதிவேட்டில் இப்போது அவரவர் கையெழுத்து விழுந்தது. ஒரு நாள் சங்கரவடிவு எண்ணிப் பார்த்தாள், நூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாரும் உள்ளே. கூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் என்னவோ நடந்தது. அதைப் பார்த்த மாரீஸ்வரி பக்கத்துப் பிள்ளையின் விலாவில் இடித்து, "ஏய், மேடம் சிரிக்காங்கடி" என்றாள்.

ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின நாள் தாளாளர் பார்வையிட வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தார். நாலாவது ஜன்னலுக்கு வந்தார், வந்த மலர்ச்சி போய்விட்டது. அங்கே செய்னம்பு மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் விஷயம் காதுல விழுந்துச்சு, இம்புட்டுத் தெளிவாத் தெரியும்னு யாரும் சொல்லலையே. ஏம்மா, குழு கேட்டா என்ன சொல்றது? எந்தப் படிவத்துல இதை எழுதுறது?"

"காற்றோட்டம்ங்கிற கட்டத்துல எழுதலாம் சார்."

"வெளையாடாதீங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றாங்க. காலையிலேயே இந்த ஜன்னலைப் பேத்துட்டு அலுமினிய ஜன்னல் வச்சிருங்க. வாங்கியாச்சு."

இந்த ஜன்னல் போனால் நாளை மறுநாள் கூடத்தில் யார் இருப்பார்கள் என்று சங்கரவடிவுக்குத் தெரியும். பீரோக்களும் அவளும் சைக்கிள் ஷெட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"சார், அந்தப் பக்கம் நம்ம புத்தகம் நாப்பத்தாறு இருக்கு."

"வாங்குங்க. வாங்கிட்டுப் பேருங்க."

அவர் போன பிறகு ஜன்னலிடம் போய் நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். செய்னம்புவின் கை மீன் மேல் அப்படியே நின்றது.

"நாப்பத்தாறும் நாளைக்கேவா?"

"ஆமா லாத்தா."

"ம்." செய்னம்பு கையைக் கழுவினாள். "எங்கூட்டு ஆளுங்ககிட்டச் சொல்லணும், வேலை கெடக்கு" என்று தன் ஜன்னல் கதவைச் சாத்தினாள். அவள் அதைச் சாத்தி சங்கரவடிவு பார்த்ததே இல்லை. சாத்தின கதவுக்குப் பின்னால் பொழுது சாயும்வரை தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது, ஒரு துருவியின் சத்தம் இல்லை, பத்துப் பதினைந்து துருவியின் சத்தம்.

மறுநாள் காலை இருளாண்டி கடப்பாரையோடு வந்தார். அலுமினிய ஜன்னல் சுவரில் சாய்ந்து நின்றது. தாளாளர் தானே மேற்பார்வைக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செய்தி தெரிந்து கல்லூரிப் பிள்ளைகள் முழுக்க வந்துவிட்டார்கள், மேசை போதாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது.

முதல் புத்தகம் வந்தது, அதோடு ஒரு கிண்ணம் வட்டிலப்பம். இரண்டாவது வந்தது, அதோடு ஒரு தட்டு தொதல். மூன்றாவதோடு பணியாரம். நாலாவதோடு இடியாப்பமும் ஆணக் குழம்பும். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது, கம்பி இல்லாத அந்த ஒரு இடைவெளி வழியாக நாற்பத்தாறு புத்தகமும் நாற்பத்தாறு பாத்திரமும் வந்து, மேசை நிறைந்து, பீரோத் தலை நிறைந்து, வாசல் மேசைப் பதிவேட்டின் மேல்கூட ஒரு ஓட்டுமாவு டப்பா ஏறி உட்கார்ந்தது. படித்ததைச் சொல்லாமல் யாரும் தொடக் கூடாது என்று செய்னம்பு இங்கேயும் விடவில்லை, அதனால் முந்நூறு பேரும் அவசர அவசரமாகப் புத்தகத்தை விரித்தார்கள். இருளாண்டி, "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றார். "இந்த ஜன்னலை எப்படி வச்சீங்கன்னு சொல்லுங்க, அதுவும் படிப்புதான்" என்று செய்னம்பு அவருக்கு ஒரு தட்டை நீட்டினாள். அவர் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு ஐயா?" என்றாள் செய்னம்பு.

"எனக்குச் சீனி ஆகாது" என்றார் தாளாளர்.

"இது கருப்பட்டி. ஆகும்."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு விரலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டார். அவரிடம் மட்டும் செய்னம்பு எதையும் கேட்கவில்லை.

எல்லாரும் சாப்பிட்டு முடித்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் செய்னம்பு கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"புத்தகம் நாப்பத்தாறும் சரியா இருக்கா? அப்ப எங்க ஏனத்தைத் தாங்க. ஜன்னலை எடுக்கப் போறீங்களாம்ல, பேத்த பொறவு நாங்க யாருகிட்டக் கேக்குறது."

முந்நூறு பேரும் வெறும் பாத்திரங்களைப் பார்த்தார்கள். ஒருத்தரும் கையை நீட்டவில்லை. எல்லாரும் ஏதோ ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே, வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை.

சங்கரவடிவு நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். "சார் உத்தரவு போட்டீங்கன்னா வெறும் பாத்திரமாவே குடுத்துர்றேன். எழுத்துல குடுத்துருங்க, போதும்."

தாளாளர் தன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். செய்னம்புவின் நீட்டின கையைப் பார்த்தார். கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சட்டைப் பையைத் துழாவினார். மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு பல்குத்தும் குச்சி, அலுமினிய ஜன்னல் கடைக்காரன் கொடுத்த சீட்டு.

"இங்க வேற என்னம்மா இருக்கு?" என்றார், மெல்லிய குரலில்.

"நூலகத்துல என்ன சார் இருக்கும்."

அவர் எழுந்தார். திறந்து கிடந்த பீரோவுக்கு முன்னால் போய் நின்றார். இந்தக் கல்லூரிக்குத் தாளாளராகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் அந்தப் பீரோவில் கை வைப்பது அன்றைக்குத்தான். ஒன்றை எடுத்தார், பெரிது, கிண்ணத்துக்குள் போகவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதைக் கிண்ணத்தில் வைத்து ஜன்னலை நோக்கி நடந்தார்.

"சார்" என்றாள் சங்கரவடிவு. "கையெழுத்து."

ஓட்டுமாவு டப்பாவை நகர்த்திவிட்டுப் பதிவேட்டில் தன் பெயரை எழுதினார். சங்கரவடிவு தேதிச் சீட்டில் முத்திரை குத்தினாள். கிண்ணம் போயிற்று.

"பதினாலு நாளு" என்றாள் சங்கரவடிவு, ஜன்னலைப் பார்த்துச் சொல்கிற மாதிரி தாளாளரிடம்.

"அதுவரைக்கும் ஜன்னல்ல கை வைக்க முடியாதே" என்றார் இருளாண்டி.

"பதினாலாம் நாள் நான் வெறுங்கையோடயா வருவேன்?" என்றாள் செய்னம்பு.

தாளாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எண்ணெய் ஆலைக்காரர், இந்தக் கணக்குக்கு முடிவே இல்லை என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. "அந்த அலுமினியத்தைச் சைக்கிள் ஷெட்டுல போடுய்யா" என்றார் இருளாண்டியிடம். அதன் பிறகு மீதி நாற்பத்தைந்து பாத்திரமும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்து போயின.

சரியாகப் பதினோரு மணிக்கு ஆய்வுக் குழு உள்ளே நுழைந்தது. தலைவர் கண்ணாடி போட்ட கறார் மனிதர். மேசையிலும் தரையிலும் முந்நூறு பேர் தலை குனிந்து படிப்பதைப் பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார். நடந்து நடந்து நாலாவது ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"இவங்கல்லாம் யாரு?"

தாளாளர் தொண்டையைச் செருமினார். "வெளியூர் உறுப்பினர்கள் சார்."

தலைவர் மேற்கொண்டு கேட்க வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேராக ஒரு கிண்ணம் வந்தது. "தொலைவுல இருந்து வந்திருக்கீங்க, பசியாறுங்க" என்றாள் செய்னம்பு. அவர் வேண்டாம் என்றார், இரண்டாம் தரமும் வேண்டாம் என்றார், மூன்றாம் தரம் சொல்ல முடியவில்லை, வாயில் வட்டிலப்பம் இருந்தது. முழுதும் சாப்பிட்டு முடித்து, துளி இல்லாமல் வழித்து, நல்லா இருக்கும்மா என்று சொல்லி, கிண்ணத்தை ஜன்னலை நோக்கி நீட்டினார்.

செய்னம்பு வாங்கிக்கொள்ளவில்லை. கூடத்தில் இருந்த முந்நூறு பேரும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்தார்கள்.

சங்கரவடிவு தேதி முத்திரையை எடுத்து மையில் ஒற்றிக்கொண்டாள்.